புழங்கு பொருள்கள் – 9: மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

சென்ற வாரம் சைக்கிளைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் கார்.

1975இல் ஏர்வே புலேன் என்ற பிரெஞ்சுக்காரர் தனது பந்தயக் காருக்கு வர்ணம் பூசித் தரும்படி சிற்பி அலெக்சாண்டர் கால்டரைக் கேட்டார். அந்த பி.எம்.டபிள்யூ, பூசிய வர்ணத்தோடேயே லு மான் பந்தயத்தில் ஓடியது. 1979இல் அன்டி வோர்ஹோல் இன்னொரு பி.எம்.டபிள்யூவுக்கு அரை மணித்தியாலத்துக்குள் தன் கையாலேயே பூசி முடித்தார். எம்.எப். ஹுசைன் மறைந்த பிறகு, 2019இல் தோஹாவில் திறந்துவைக்கப்பட்ட அவரது பெரும் படைப்பில் கண்ணாடிக் குதிரைகளோடு பழைய கார்களும் நிற்கின்றன. காரின் வேகமும் மினுக்கமும் உலகத்துக் கலைஞர்களை இப்படி இழுத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கார்கள் கலைஞனுக்குத் தருவதற்கு வேறொன்றை வைத்திருக்கின்றன.

ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். அதுவும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் குடாநாட்டு ஒழுங்கைகளில் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடின. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் அருமருந்தாயிற்று. அப்போது இந்தக் கார்கள்தான் கைகொடுத்தன. சின்னப் போத்தலில் காத்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால்தான் அந்தச் சில துளிகள் தேவைப்பட்டன. சோமர்செற்றின் அமுக்க விகிதம் வெறும் 7.2:1. அந்தத் தாழ்ந்த அமுக்கத்தால்தான் தரங்குறைந்த எரிபொருளையும் அது ஒருவாறு தாங்கியது. கணினி இல்லாத எஞ்சின் என்பதால் கராஜ்காரர் காதால் கேட்டே பிழை கண்டுபிடித்தார். புகையைக் கக்கிக்கொண்டு ஓடிய அந்தக் கார்கள் நோயாளிகளையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றன.

அவற்றின் இலக்கத்தகடுகளுக்கும் கதை உண்டு. 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமானதும் தமிழ்ப் பகுதிகளில் அதை அழித்துத் தமிழெழுத்தை எழுதி ஓடினார்கள். வழக்குக்கும் சிறைக்கும் முகங்கொடுத்தார்கள். ஒரு தகரத் துண்டில் இவ்வளவு அரசியல் இருக்கிறது.

இதையெல்லாம் கலையாக்கும் வழியும் எங்களிடமே உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீற் தோம்பு’ நூலில், இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்தார்கள். அந்தக் கோட்டுப்படத்தோடு கட்டடக்கலைஞரின் வரைபடமும் சனாதனனின் ஓவியமும் அடுத்தடுத்து வருகின்றன. சொன்னவரின் கைக்கோடு முதலில், கலைஞரின் கோடு பிறகு: அந்த நூலின் நேர்மை இதில்தான் இருக்கிறது.

எங்கள் கார்களுக்கும் அப்படியொரு கண்காட்சி வேண்டும். பளபளக்கும் பொனற்றை வரைந்துவிட்டுப் போவது போதாது. ஓட்டியவரும் திருத்தியவரும் முதலில் வரையட்டும்: எந்தக் குழாயை எதில் பொருத்தினோம், எந்த உதிரிப்பாகத்தைக் கடைச்சல் பட்டறையில் புதிதாகச் செய்தோம் என்று. ஓவியர் அதன்மேல் தன் வேலையைத் தொடங்கட்டும். கார்களைச் சேகரிப்பவர்கள் வாங்கிப் பாதுகாத்துவிடுவார்கள். அவற்றை ஓட வைத்த அறிவு எழுபது, எண்பது வயதுக்காரரின் கைகளில் மட்டுமே இருக்கிறது. அவர்களைத் தேடிப் போக வேண்டிய காலம் இது.

அடுத்த வாரம்: பெற்றோமக்ஸ்.