ஊர் வாசலில் என்ன எழுதுவது?

காரைக்குடிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் புதுக்கோட்டைச் சீமை எங்கே தொடங்குகிறது? எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் திருமயம் என்பார். 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டையின் மதிலோரம், சாலையைப் பார்த்தபடி நிற்கிறார் கோட்டை பைரவர். புது வண்டியோ பழைய லாரியோ, அங்கே வேகம் குறையும். ஒரு சிதறு தேங்காய் உடைத்து, நெற்றியில் திருநீறு இட்ட பிறகே பலர் மறுபடி வண்டியைக் கிளப்புவார்கள். திருச்சிப் பக்கமிருந்து வந்தால் கீரனூரைத் தாண்டியதும் நார்த்தாமலைப் பாறைகள் கண்ணில் படும். தூங்கிக்கொண்டு வந்த பிள்ளையை எழுப்பி, ‘ஊர் வந்துடுச்சு’ என்று சொல்லும் இடம் அது. இவை யாரும் தீர்மானம் போட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரி வைத்த வரவேற்புகள் இல்லை.

2024 ஆகஸ்ட் 12 அன்று புதுக்கோட்டை மாநகராட்சி ஆனது. திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகியவையும் அன்றுதான் மாநகராட்சிகள் ஆயின. தமிழ்நாட்டில் மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25 ஆயிற்று. 1912-இல் நகராட்சியான ஊர், நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அடுத்த படி ஏறியிருக்கிறது. சுற்றியிருந்த ஊராட்சிகள் சேர்ந்ததால் ஊரின் எல்லையும் தள்ளிப்போனது. எல்லை நகர்ந்தால் எல்லைப் பலகையும் நகர வேண்டும். ‘நகராட்சி’ என்றிருந்த இடத்தில் ‘மாநகராட்சி’ என்று எழுத வேண்டும். பெயரை மாற்றி எழுதுவது மட்டும்தான் வேலை என்று நினைத்தால், நல்ல வாய்ப்பு ஒன்றைக் கோட்டை விடுவோம்.

ஒரு வரவேற்பு வளைவு நம் ஊர்களில் எப்படி உருவாகிறது? பெரும்பாலும் ஓர் உறுப்பினர் மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்பார். அது அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஏறும், தீர்மானமாகும். பொறியியல் பிரிவு மதிப்பீடு தயாரிக்கும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி என்று கோப்பு மேசை மேசையாகப் போகும். சாலை தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் அத்துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். புதுக்கோட்டைக்குள் வரும் முக்கியச் சாலைகள் 36, 336 என்று எண்ணிட்ட தேசிய நெடுஞ்சாலைகள் என்பதால், இங்கே அந்தப் படியைத் தவிர்க்க முடியாது. அதன் பிறகு ஒப்பந்தப்புள்ளி. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தது. தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்பது அதன் அடிப்படை. தார்ச்சாலைக்கும் சாக்கடைக்கும் அது சரியான முறை.

ஊரின் முகத்துக்கு அது போதாது. விலை விகிதப் பட்டியலில் சிமெண்டுக்கு விலை உண்டு, கம்பிக்கு உண்டு, கிரானைட் பலகைக்குச் சதுர அடிக் கணக்கு உண்டு. ஓர் எழுத்தை அழகாக வரைவதற்கு அங்கே விலை இல்லை. விலை இல்லாத வேலை மதிப்பீட்டில் வராது. மதிப்பீட்டில் வராதது கட்டடத்திலும் வராது. இதனால்தான் இரண்டு தூண், மேலே ஒரு பட்டை, அதில் பளபளக்கும் எஃகு எழுத்துகள் என்று எல்லா ஊர் வளைவுகளும் ஒரே அச்சில் இருக்கின்றன. முன்பக்கம் ‘தங்களை அன்புடன் வரவேற்கிறது’, பின்பக்கம் ‘நன்றி, மீண்டும் வருக’. ஊர்ப் பெயரை மறைத்துவிட்டுப் படம் எடுத்தால் அது அறந்தாங்கியா ஆரணியா என்று சொல்ல முடியாது. நன்கொடையில் எழும் வளைவு என்றால், ஊர்ப் பெயரைவிட உபயதாரர் பெயர் பெரிதாக இருக்கும் கொடுமையும் சேர்ந்துகொள்ளும்.

வளைவு கட்டியதும் கதை முடிந்துவிடுவதில்லை. மதுரை மாட்டுத்தாவணியில் நின்ற நக்கீரர் தோரணவாயிலை நினைத்துக்கொள்வோம். 1981-இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி எழுந்தது. அது கட்டப்பட்டபோது அங்கே இன்றைய போக்குவரத்து இல்லை. பிறகு பேருந்து நிலையம் வந்தது, சாலை அகன்றது, தூண்கள் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. 2025 பிப்ரவரியில் ஓர் இரவில் இடிக்கும் வேலை நடந்தபோது தூண் சரிந்து இயந்திரத்தின் மேல் விழுந்து, அதை ஓட்டியவர் உயிரிழந்தார். ஊருக்கு வருகிறவர்களை வரவேற்க எழுப்பிய வாசல், ஒரு தொழிலாளியின் உயிரை வாங்கியது. இதைப் படித்த பிறகும் சாலைக்குக் குறுக்கே கான்கிரீட் வளைவு கேட்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

சென்னை அமைந்தகரையை ஒட்டிய அண்ணா வளைவும் இப்படி ஒரு சோதனையைச் சந்தித்தது. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த காலத்தில் எழுந்த அந்த இரட்டை வளைவை, 2012-இல் மேம்பாலப் பணிக்காக அறுத்து எடுக்கத் தொடங்கினார்கள். பாதியில் நிறுத்தி, அறுத்த இடங்களைச் செப்பனிட்டு, பாலத்தின் வடிவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. காமராஜர் சாலையில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு வளைவுக்கு எதிரான வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்து, 2019 ஜனவரியில்தான் அது திறக்கப்பட்டது. வளைவு என்றாலே வழக்கு என்றாகிவிட்டது.

பலகையில் என்ன பெயர் எழுதுவது என்பதற்கும் நம்மிடம் பெரிய வரலாறு உண்டு. இங்கிருந்து தொலைவில்லாத கல்லக்குடியில், 1953 ஜூலை 15 அன்று நடந்தது ஒரு ரயில் நிலையப் பெயர்ப்பலகைக்கான போராட்டம்தான். ‘டால்மியாபுரம்’ என்றிருந்த பலகையின் மேல் ‘கல்லக்குடி’ என்ற தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார் கருணாநிதி. உயிர்ப்பலியும் நேர்ந்தது. அந்தப் பெயர் பலகையில் ஏறியது தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகே. 2020 ஜூனில், 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியாகி, ஊர்க்காரர்களின் கேள்விகள் கிளம்பியதும் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. பெயர்ப்பலகை விஷயத்தில் ஊரைக் கேட்காமல் செய்தால் ஊர் சும்மா இருக்காது.

வழிகாட்டும் கலையில் நாம் தேர்ந்தவர்களாக இருந்திருக்கிறோம். தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில், நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுதியிருக்கிறது. எழுத்தோடு நிற்காமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாத வழிப்போக்கன் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். இருட்டில் வந்தவனும் தெரிந்துகொள்ளலாம். பல நூறு ஆண்டுகளுக்கு முன் கல் வெட்டியவருக்கு இருந்த அந்தக் கரிசனம், இன்று சாலையோரம் பலகை நடுகிற நமக்கு இருக்கிறதா?

இன்னும் பழைய சான்று புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் கோவலன், கவுந்தியடிகள், கண்ணகி ஆகியோருக்கு மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறான். கொடும்பையின் குளத்தருகே பாதை, சிவன் கையில் இருக்கும் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று அடையாளம் காட்டி, ஒவ்வொரு கிளையிலும் என்ன இருக்கும், எதற்கு அஞ்ச வேண்டும் என்றும் விவரிக்கிறான். அந்தக் கொடும்பைதான், இன்று மூவர் கோயில் நிற்கும் கொடும்பாளூர். ஊர் வாசலில் சொல்ல வேண்டியது இதுதான்: எங்கே வந்திருக்கிறீர்கள், இங்கிருந்து எந்தப் பக்கம் போனால் எதைப் பார்க்கலாம்.

புதுக்கோட்டைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 1812-இல் தீக்கிரையான ஊரை, நேரான அகலமான வீதிகளோடு மறுபடி எழுப்பினார்கள். பின்னர் வந்த திவான் சேஷையா சாஸ்திரி குளங்களைத் தூர்வாரி, ஊருக்கு இன்னும் ஒழுங்கு கொடுத்தார். நான்கு ராஜ வீதிகள். அவற்றைச் சுற்றி வடக்கு இரண்டாம் வீதி, கீழ மூன்றாம் வீதி என்று திசையும் எண்ணும் சேர்ந்த பெயர்கள். முதல் முறை வருகிறவர்கூட இந்த ஊரில் வழி தவற மாட்டார். தெருப் பெயரையே வழிகாட்டியாக வைத்த ஊருக்கு, வாசல் பலகை மட்டும் வாய் திறக்காமல் நிற்கலாமா?

வெளியூரில் ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகருக்காக 1959-இல் நட்ட வரவேற்புப் பலகையை வரைந்தவர் பெட்டி வில்லிஸ் என்ற பெண். தன் ஊருக்குத் தந்த பரிசு என்று சொல்லி, அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. சாலையை மறிக்காமல் நடுத்திட்டில் நின்ற அந்தப் பலகை 50 ஆண்டுகளில் அந்த நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. நியூயார்க்குக்காக 1977-இல் மில்டன் கிளேசர் வரைந்த இதயச் சின்னமோ உலகெங்கும் நகலாகி, நம் ஊர்க் குளக்கரைகளிலும் ஊர்ப் பெயர் மட்டும் மாறி நிற்கிறது. பிள்ளைகள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு மகிழ்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அது நியூயார்க்குக்கு வரைந்த சட்டை. நமக்கு அளவெடுத்துத் தைத்தது வேண்டும்.

அளவெடுக்க வேண்டிய துணியெல்லாம் இங்கேயே இருக்கிறது. சித்தன்னவாசல் தாமரைக் குளத்தின் வண்ணம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் எழுத்தமைதி, வாடிவாசல். குளமங்கலம் அய்யனார் கோயில் முன் 30 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் குதிரை. மாசி மகத்தில் காகித மாலைகள் குவிந்து அதன் உடலே மறைந்துபோகும். அம்மன் காசும் இருக்கிறது. சமஸ்தானம் தனக்கென அடித்துக்கொண்ட சின்னஞ்சிறு செப்புக் காசு; ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’. 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்த சீமையின் தன்மானம் முழுவதும் அந்த ஒரு காசில் அடங்கியிருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தக் காசின் வட்டத்தைப் பெரிதாக்கி, இங்கே கிடைக்கும் கல்லிலேயே செதுக்கி நிறுத்தச் சொல்வேன். வேறு யோசனை இருப்பவர்கள் வேறு சொல்லட்டும். சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

மாநகராட்சியின் மேயருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வேண்டுகோள் இது. அவசரம் வேண்டாம். வரைவதற்கு ஒரு போட்டி, கட்டுவதற்கு ஓர் ஒப்பந்தம் என்று இரண்டையும் பிரித்துவிடுங்கள். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி மாணவர்களையும், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி மாணவர்களையும், புரவி செய்யும் வேளார்களையும் அழையுங்கள். வந்த வரைபடங்களை ஒரு மாதம் நகர்மன்றத்தில் மாட்டி வையுங்கள். சந்தைக்கு வருகிறவர் பார்க்கட்டும், பள்ளிப் பிள்ளைகள் பார்க்கட்டும், கருத்தை எழுதிப் போடட்டும். சாலைக்குக் குறுக்கே எதுவும் வேண்டாம். ஓரத்தில் ஒரு கல் போதும். அதில் தலைவர் படமோ உபயதாரர் பெயரோ வேண்டாம். ஊர்ப் பெயர், எந்தப் பக்கம் எத்தனை கிலோமீட்டரில் என்ன இருக்கிறது, விரலால் தடவிப் படிக்கவும் ஒரு வரி.

வரையப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கையில் பென்சில் எடுக்கும் முன் திருக்கோகர்ணத்துக்குப் போங்கள். 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகத்தில் அம்மன் காசு இருக்கிறது.