பிடித்த சந்தா செலுத்தப்படாவிடில்

ஹனூர் வட்டாரம் 1956ஆம் ஆண்டு வரை கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகாவில் அடங்கியிருந்தது. இன்றும் அங்கே தமிழ் பேசுவோர் உளர். அங்கிருந்து மைசூருக்கோ பெங்களூருக்கோ ஆலை வேலைக்குச் சென்ற ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். மாதந்தோறும் அவருடைய சம்பளத்தில் இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்பட்டது. ஆலை மூடப்பட்டது. வேலையின்மைப் படி கேட்கச் சென்றால், அவர் பெயரில் சந்தாவே வரவில்லை என்கிறார்கள். இனி அவருக்கு உரிமை ஏதும் இல்லையா?

முதலில் சட்டத்தின் அடிப்படையை அறிவோம். 2019 ஜூலை முதல் வகுக்கப்பட்ட விகிதப்படி, ஊதியத்தில் நூற்றுக்கு 0.75 பங்கு தொழிலாளியுடையது, 3.25 பங்கு முதலாளியுடையது. இரண்டையும் சேர்த்துக் கழகத்திற்குச் செலுத்தும் கடமை முதலாளிக்கே உரியது. தம் பங்கை அவர் தொழிலாளியின் கூலியில் பிடித்தலும் ஆகாது. பிடித்த தொகை முதலாளியின் சொத்தன்று. தொழிலாளி அவரிடம் நம்பி ஒப்படைத்த பொருள் என்றே 1948ஆம் ஆண்டுச் சட்டம் கருதிற்று. அதனைச் செலுத்தாது வைத்துக்கொள்ளுதல் நம்பிக்கை மோசடியாகும். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

அச்சட்டத்தின் இடத்தை, 2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பெற்றுள்ளது. எனினும் பழைய நெறி மாறவில்லை. முதலாளியின் தவறினால் தொழிலாளி பயனை இழக்க நேர்ந்தால், கழகம் அப்பயனை அவருக்கு அளித்து, செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம்.

வேலையின்மைப் படியோ தனித் திட்டத்தின்பாற் பட்டது. 2018 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில், 2020இல் தளர்த்தப்பட்ட விதிப்படி, சராசரி ஊதியத்தில் பாதி, 90 நாள் வரை கிடைக்கும். அதற்கு, வேலை இழப்பதற்கு முந்திய சந்தாக் காலத்தில் 78 நாளேனும் சந்தா இருத்தல் வேண்டும். சந்தாக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் ஆகிய ஆறு மாதங்கள். ஆகவே பாக்கி வசூலாகிக் கணக்கு திருத்தப்படுதல் மிக அவசியம். வேலை போன பிறகு விழித்துக்கொள்வதைவிட, வேலையில் இருக்கும்போதே கணக்கைப் பார்த்தல் நன்று.

தொழிலாளர் செய்யத்தக்கவை எவை? சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துக. காப்பீட்டு எண்ணைக் கேட்டுப் பெறுக. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தா வந்துள்ளதா எனச் சரிபார்க்க. வரவில்லையேல், கழகத்தின் கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிட்டு, ஒப்புதற் சீட்டுப் பெறுக. சீட்டே தரப்படாத இடத்தில், வருகைப் பதிவும், சம்பளம் வந்த வங்கிக் கணக்கும், உடன் வேலை செய்தோரின் வாக்குமூலமும் சான்றாகலாம். தீராவிடில் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் உண்டு.

சந்தாவைக் கொடுத்தவர் தம் கடமையை முடித்துவிட்டார். அவர் கேட்பது சலுகையன்று. தம் பொருளின் கணக்கே.