நின்றால் யாருக்கு என்ன ஆகும்?

அமெரிக்காவின் நியூஜெர்சியில் சக்கசன்னா என்ற ஊரில், 1965-இல் பெல் நிறுவனம் கணினி நிரலால் இயங்கும் தொலைபேசி இணைப்பகத்தைத் திறந்தது. 40 ஆண்டுகளில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் அது நிற்கக் கூடாது என்பது இலக்கு. அந்த மென்பொருளின் முக்கிய வேலை அழைப்பை இணைப்பதுதான். அதனால் ஒரே அளவுகோல் போதுமாக இருந்தது.

இணையம் வந்ததும் நிலைமை மாறியது. ஒரே நிறுவனத்துக்குள் நூற்றுக்கணக்கான சர்வீஸ்கள். டெவலப்பர் எழுதி முடித்து ஆபரேஷன்ஸ் டீமிடம் ஒப்படைப்பார். எது முக்கியம் என்பது லைவ் போன பிறகு, நள்ளிரவில் போன் அடிக்கும்போதுதான் தெரியும். பணம் செலுத்தும் சர்வீஸ் நின்றாலும் மாதாந்திர அறிக்கை நின்றாலும் ஒரே அலாரம், ஒரே பதற்றம்.

2003-இல் கூகுளில் பென் ட்ரேனர் ஸ்லாஸ் தொடங்கிய நம்பகத்தன்மைப் பொறியியல் இன்று பல நிறுவனங்களுக்குப் பரவிவிட்டது. வெளியிடும் முன்பே கேட்கிறார்கள்: இது ஒரு மணி நேரம் நின்றால் யாருக்கு என்ன ஆகும்? பதிலைப் பொறுத்து சர்வீஸ்களை அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். லாகினும் பணப் பரிமாற்றமும் முதல் அடுக்கு. ஊழியர் மட்டும் பார்க்கும் அறிக்கை கடைசி அடுக்கு. ஒரு சர்வீஸ் 99.9 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்றால் ஆண்டுக்கு சுமார் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம், 99.99 என்றால் சுமார் 53 நிமிடம்தான். அந்தக் கூடுதல் 9-க்கு மாற்று சர்வர்கள் வேண்டும், இரவிலும் ஆன்-கால் ஆட்கள் வேண்டும். எல்லாவற்றையும் முதல் அடுக்கில் வைக்கும் நிறுவனம் தன் ஆட்களைத்தான் வாட்டுகிறது.

ஆனால் ஒரு சர்வீஸைத் தனியாகப் பார்த்து அடுக்கு சொல்ல முடியாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை வர்ஜீனியா பகுதியில் சில மணி நேரம் முடங்கியது. கோளாறை அறிவிக்க வேண்டிய நிலைப் பலகையும் எஸ்3-ஐயே நம்பியிருந்ததால் அதைப் புதுப்பிக்க முடியவில்லை. சாதாரண நாளில் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத அந்தப் பலகையைத்தான் அன்று எல்லோரும் தேடினார்கள்.

நிற்காத சர்வீஸை நம்புவதிலும் சிக்கல் உண்டு. கூகுளின் சப்பி என்ற உள் சர்வீஸ் மிக அரிதாகவே நின்றது. அது நிற்கவே நிற்காது என்று நம்பிப் பிற குழுக்கள் நிரல் எழுதின. அந்த நம்பிக்கையை உடைக்க, இலக்கைவிட நன்றாக ஓடிய காலாண்டுகளில் பொறுப்பாளர்களே அதை வேண்டுமென்றே சற்று நேரம் நிறுத்தினார்கள். இந்தத் துறையில் நான் அறிந்த மிகத் துணிச்சலான முடிவு இது.

விரைவில் எதையாவது லைவ் கொண்டுபோகிறவர்கள், அடுக்கைக் குறிக்கும் தாளிலேயே அந்தச் சர்வீஸ் எவற்றை நம்பியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். முதல் அடுக்குச் சர்வீஸ் கீழடுக்கு ஒன்றை நம்பியிருந்தால், அதைச் சரிசெய்யும் வரை தேதியைத் தள்ளிப் போடுங்கள்.