குருகும் அவையும் காற்றும்

ஆசை மொழி கூறி ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்தவன், பின்னர் அவளை அறியேன் என்று கைவிரிப்பது இன்று நேற்றுத் தோன்றிய கொடுமையன்று. அதனைத் தமிழ்ப் புலவர்கள் எவ்வாறு நோக்கினர் என்பதை வெவ்வேறு காலத்து மூன்று பாடல்களைக் கொண்டு ஈண்டுக் காண்போம். மூன்றையும் படிக்குங்கால் நம் நெஞ்சில் எழும் வினா ஒன்றே: அவளுக்குச் சாட்சி யார்?

முதலாவது, கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடல். தலைவி தன் தோழியிடம் அச்சத்துடன் பேசுகிறாள். தலைவன் தன்னைக் கூடிய நாளில் அங்கே வேறு மனிதர் எவரும் இலர். அவன் சொல் தவறினால் தான் யாது செய்வது என்பது அவள் கவலை. உடனிருந்தது ஒரு குருகு மட்டுமே. அதுவும் தினைத்தாள் போன்ற கால்களுடன் ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்து நின்றது. இருந்த ஒரே சாட்சிக்கும் தன் இரையே பெரிது. பேசவோ அதற்கு வாயில்லை. ஐந்தே அடிகளில் ஒரு பெண்ணின் தனிமை முழுவதும் அடங்கிவிட்டது.

இரண்டாவது, கடுவன் மள்ளனார் பாடிய அகநானூறு 256. பொய்ச் சூள் உரைத்து வந்த தலைவனைத் தோழி வாயில் மறுத்து அனுப்பும் இடத்தில், கள்ளூரில் நடந்த செய்தி ஒன்று உவமையாக வருகிறது. கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, அவளை அறியேன் என்று ஆணையிட்டான். அவையத்தார் அவன் ஆணையை நம்பினாரல்லர். சாட்சிகளை வினவி உண்மை தெளிந்தனர். அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டினர். ஊரே ஆரவாரித்ததாம். அப்பெண்ணைப் பழித்து ஒரு சொல்லும் பாட்டில் இல்லை. அறமற்றவன் என்னும் பழி அவனுக்கே உரியதாயிற்று.

மூன்றாவது, பாரதியார் பாடிய ‘கரும்புத் தோட்டத்திலே’. பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் செல்லும் வழக்கம் 1879இல் தொடங்கியது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழர் சென்றனர். நூறு ஆடவருக்கு நாற்பது பெண்கள் என்பது விதி. அங்கே பெண்டிர் மேற்பார்வையாளர்களின் கொடுமைக்கு இரையாயினர். அவர்கள் விம்மி அழுத குரலைக் கேட்டாயா என்று பாரதியார் காற்றைப் பார்த்துக் கேட்கிறார்; முடிவில் காளியை அழைக்கிறார். 1916இல் மதன் மோகன் மாளவியா சட்டசபையில் இம்முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1920ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீங்கின.

கள்ளூரிலும் கரும்பு, பிஜியிலும் கரும்பு. ஆயின் முன்னதில் அவை இருந்தது. பின்னதில் அவள் முறையீட்டைக் கேட்கவேண்டியவரே கொடுமை செய்தோரின் பக்கம் நின்றனர். ஆதலின் கவிஞர் காற்றையே சாட்சிக்கு அழைக்க நேர்ந்தது. சொந்த ஊரை விட்டு வந்த பெண்ணுக்கு முதலில் பறிபோவது அவளுக்காகப் பேசும் நாலு பேரே அன்றோ?

நாமும் ஊரை விட்டு வந்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன், வீட்டு வேலைக்கென அழைத்து வரப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி நம் குடியிருப்பில் பேச்சு எழுந்தது. நாம் அவள் நடத்தையையே முதலில் வினவினோம். ஏமாற்றியவன் யாரெனக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. ஒரு திங்களுக்குள் அவள் ஊர் திரும்பினாள். அன்று நாம் குருகாகவே நின்றோம் என்பதை இன்று நாணத்துடன் உணர்கிறோம்.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமின்றித் திருமண வாக்களித்துப் பெண்ணைக் கூடுபவனுக்கு 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் உளது, ஆயினும் சாட்சி சொல்ல மனிதர் வேண்டும். நம் சங்கத்து மகளிர் பகுதியினர், புதிதாய் வரும் பெண்களை வந்த வாரத்திலேயே சென்று கண்டு, இன்னல் நேரின் எவரிடம் சொல்லலாம் என்று தெரிவித்து வருவார்களாயின், அதுவே நமது கள்ளூர் அவையாகும்.