வெக்கையைக் காவும் காஸ்

பண்டத்தரிப்புச் சந்தியில் உச்சி வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் ஏறினால் இருக்கை சுடும், ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. ஏசியைப் போட்டும் குளிர் வரவில்லையென்றால் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "காஸ் முடிஞ்சுபோச்சு." ஆனால் பெற்றோல் முடிவதுபோல ஏசிக் காஸ் முடிவதில்லை. அது எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே காஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரப்பர்க் குழாய்கள் வழியே ஆண்டுக்குக் கொஞ்சம் கசிவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆண்டுதோறும் காஸ் அடித்துவிட்டு அந்த ஓட்டையைத் தேடாமல் விடுவது காசைக் காற்றில் விடுகிற வேலை.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. அந்தப் பாரத்தைக் காவுவதுதான் காஸின் வேலை. நம் வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற வகை. சாதாரண காற்றழுத்தத்தில், பூச்சியத்துக்குக் கீழே 26 பாகையிலேயே அது கொதித்துவிடும். திரவம் ஒன்று ஆவியாகும்போது தொட்டிருக்கும் பொருளிலிருந்து வெப்பத்தை இழுக்கும். ஊசி போடுமுன் தாதி பூசும் ஸ்பிரிட் தோலைச் சில்லிட வைப்பது இதனால்தான். ஸ்பிரிட் காற்றோடு போய்விடும். காரிலோ ஆவியைத் தப்பவிடாமல் பிடித்து, திரும்பத் திரவமாக்கி, திரும்ப ஆவியாக்க வேண்டும்.

திரவமாக்குவதில்தான் சிக்கல். வெப்பம் தானாகப் போவதென்றால் சூடானதிலிருந்து குளிர்ந்ததற்குத்தான் போகும். உள்ளே வெப்பத்தை வாங்கிக்கொண்ட ஆவியோ இன்னும் பத்துப் பாகை அளவில்தான் இருக்கிறது. வெளியே 33 பாகை. பிறகு எப்படி அது தன் சுமையை வெளிக்காற்றிடம் இறக்கும்? இந்த முடிச்சை அவிழ்ப்பது கொம்பிரசர். எஞ்சின் பெல்டால் சுழலும் அது ஆவியை நெரிக்கிறது. ஏறத்தாழ 30 பீ.எஸ்.ஐ. அழுத்தத்தில் நுழைந்த ஆவி, வெயில் நாளில் 200ஐத் தாண்டிய அழுத்தத்தோடு வெளியே வருகிறது. நெரிபட்ட ஆவி சூடேறும். தொட்டால் கை வெந்துவிடும். இப்போது அதற்குப் பண்டத்தரிப்பு வெயில்கூடக் குளிர்தான்.

றேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கொண்டென்சருக்குள் அந்தச் சூடான ஆவி போகிறது. மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே காற்று புகுந்து வர, ஆவி வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. நம் பகுதியில் அதிகம் அடிபடும் உறுப்பு இதுதான் என்பது என் எண்ணம். மாதகல் கடல் கிட்டத்தில்தான் இருக்கிறது; உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்கும். சோழகக் காற்றோ வலிகாமத்துச் செம்பாட்டுப் புழுதியைக் கொண்டுவந்து தகடுகளுக்குள் அப்பும். ஓடும்போது நல்ல குளிர், சங்கானைச் சந்தைப் பக்கம் சனத்துக்குள் நின்றால் வெக்கை என்றால், காஸைக் குறை சொல்வதற்கு முன் கொண்டென்சர் விசிறி சுற்றுகிறதா, தகடுகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவினால் போதும். சேர்விஸ் நிலையத்தின் அழுத்தக் குழாயைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடிந்து காற்று போகிற வழியே அடைபட்டுவிடும்.

திரவம் அடுத்து ட்ரையர் என்ற சிறு உருளையைக் கடக்கிறது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகள். அதைத் தாண்டினால் எக்ஸ்பான்ஷன் வால்வு. ஊசித்துளை போன்ற இடுக்கு அது. அதற்குள்ளால் பாயும் திரவம் அழுத்தத்தைச் சட்டென இழந்து, டாஷ்போர்டின் பின்னாலிருக்கும் எவாப்பரேட்டரில் கொதிக்கத் தொடங்குகிறது. இது குளிராகக் கொதிக்கும் கொதிப்பு. அதன்மேல் விசிறி ஊதும் காற்றுத்தான் நம் முகத்தில் படும் குளிர். காஸ் அடிக்குமுன் கராஜில் வக்யூம் பம்ப் போட்டு நேரமெடுத்து இழுப்பதும் இந்த வால்வுக்காகத்தான். உள்ளே கொஞ்சம் ஈரம் தங்கினாலும் அந்த இடுக்கில் அது பனிக்கட்டியாகி வழியை மறித்துவிடும். பம்ப் போடாமல் அவசரமாகக் காஸ் அடித்துவிடுபவரை நம்ப வேண்டாம்.

நிறுத்திய காரின் கீழே சொட்டும் தண்ணீர் நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்து வந்தது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த எவாப்பரேட்டரில் பட்டதும் அது நீராகிறது. ஒரு லீற்றர் நீராக மாறும்போது காற்று கைவிடும் வெப்பம், அரை லீற்றருக்கு மேல் நீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்யும் வெப்பத்துக்குக் குறையாது. ஏசியின் உழைப்பில் நல்ல பங்கு இப்படிக் காற்றை உலர்த்துவதிலேயே போகிறது. மழைக்காலத்தில் கண்ணாடியில் படியும் புகாரை ஏசி நொடியில் போக்குவதும் இதனால்தான். தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் முன்னிருக்கைக்காரரின் காலடிக் கம்பளம் நனையும்.

எவாப்பரேட்டர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அந்த நீரே அதன்மேல் உறைந்து காற்றை மறிக்கும். அதைத் தடுக்க ஓர் உணரி கொம்பிரசரின் காந்தக் கிளச்சை விடுவிக்கும். பொனெட்டுக்குள் கேட்கும் 'டிக்' சத்தம் அதுதான். 1939இல் அமெரிக்காவின் பக்கார்ட் கார்களில் முதன்முதலாக ஏசி வந்தபோது இந்தக் கிளச் இல்லை. ஏசியை நிறுத்த வேண்டுமென்றால் இறங்கி, பொனெட்டைத் திறந்து, பெல்டைக் கழற்ற வேண்டும்!

குளிரூட்டலின் தொடக்கத்தில் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் புளோரிடாவில் ஜோன் கோரி என்ற மருத்துவர், காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க எண்ணிக் காற்றை நெரித்து விரியவிட்டுப் பனிக்கட்டி செய்தார். 1851இல் காப்புரிமையும் பெற்றார். இங்கே நோயாளிகள் பனிக்கட்டியைக் காண இன்னும் வெகுகாலம் இருந்தது.

நம்மூர்க் கார்களுக்கும் ஏசி பிந்தித்தான் வந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர்களுக்கு முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிடுவதே குளிரூட்டல். உலகெங்கும் அந்நாட்களில் ஏசிக்குப் பயன்பட்ட ஆர்-12 காஸ் ஓசோன் படலத்தை அரித்தது. அத்தகைய காஸ்களை ஒழிக்க எழுந்த 1987இன் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் இணைந்தது; ஆர்-12க்குப் பதிலாக ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் பூமியைச் சூடாக்குவதில் ஏறத்தாழ 1,400 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். புதிய கார்களில் ஆர்-1234வைஎப் வரத் தொடங்கியிருப்பது அதனால்தான். இரண்டையும் கலக்கக் கூடாது. எது, எத்தனை கிராம் என்று பொனெட்டுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருக்கும். சிறிய கார் என்றால் அரைக் கிலோவுக்குச் சற்று முன்பின். கூடினாலும் குளிர் குறையும். குறைந்தாலோ கொம்பிரசருக்கே ஆபத்து, ஏனென்றால் அதற்கான எண்ணெயும் காஸோடுதான் சுற்றுகிறது.

எண்ணெய் என்றதும் ப்ரியஸ், அக்குவா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவைபோன்ற ஹைபிரிட்டுகளில் கொம்பிரசரைச் சுழற்றுவது பெல்ட் அல்ல, உயர் அழுத்த மின்சாரம். மோட்டோரும் காஸுக்குள்ளேயே இருப்பதால் அதன் எண்ணெய் மின்சாரம் கடத்தாததாக இருக்க வேண்டும். சாதாரண கார்களுக்கு ஊற்றும் எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் கெடும், கொம்பிரசரையே மாற்றவேண்டி வரும். காஸ் அடிக்கும் குழாய்க்குள் முந்தின காரின் எண்ணெய் மிச்சமிருந்தாலும் இதே கதிதான். எந்த எண்ணெய், குழாய் சுத்தமா என்ற இரண்டையும் பொனெட்டைத் திறக்கவிடுமுன் கேட்டுவிடுங்கள்.