படகுகளுக்கு அடுக்குக் கொட்டகை: செலவும் வசதியும்

மும்பைக் கரையில் ஜூன் பிறந்ததும் படகுகள் தரையேறிவிடுகின்றன. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் இயந்திரப் படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. மாகிம் கோலிவாடாவிலும், செம்பூருக்கு அப்பால் மாஹுல், டிராம்பே கரைகளிலும் கோலி மீனவர் தம் படகுகளை மேட்டில் ஏற்றி, பழுது பார்த்து, நாரியல் பௌர்ணமிக்குக் காத்திருப்பர். கேட்வே அருகே மிதக்கும் உல்லாசப் படகுகளும் பருவமழைக்கு முன் கரைக்கு வந்துவிடுவதே வழக்கம்.

படகை நீரிலேயே விட்டால் என்ன? வெப்பக் கடலில் சில வாரங்களிலேயே அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் படிகின்றன. வேகம் குறைகிறது, எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. மரப்படகாயின் துளைக்கும் புழுக்கள் பலகையை அரித்துவிடும். இவற்றைத் தடுத்துவந்த டிரைபியூட்டில் டின் கலந்த பூச்சு, பிற கடலுயிர்களுக்குக் கேடு விளைவிப்பதால், 2008-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தத்தால் விலக்கப்பட்டது. ஆகவே படகை உலர்நிலையில் வைப்பதன் பயன் பற்றி ஐயமில்லை. எவ்விதம் வைப்பது என்பதே ஆராயத்தக்கது.

ஃபுளோரிடா போன்ற கரைகளில் பரவலாகக் காணப்படும் முறை அடுக்குக் கொட்டகை. கிடங்கில் பெட்டிகளை வைப்பதுபோல, எஃகுத் தட்டுகளில் மூன்று, நான்கு நிலைகளாகப் படகுகளை ஏற்றிவைக்கின்றனர். உரிமையாளர் சொல்லி அனுப்பினால், பெரிய ஃபோர்க்லிஃப்ட் படகை எடுத்து நீரில் இறக்கிவிடும். சிறு விசைப்படகுகளுக்கே இது ஏற்றது. உயர்ந்த பாய்மரம் உடையவற்றுக்கும், பல டன் எடையுள்ள மரத்தாலான இழுவைப் படகுகளுக்கும் பொருந்தாது.

நான்கு நிலை என்றால் நிலம் நான்கில் ஒரு பங்கு போதும் என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஏழு மீட்டர் நீளமுள்ள 40 ஃபைபர் படகுகளைத் தரையில் நிறுத்த, படகுக்கு 25 சதுர மீட்டர் வீதம் 1,000 சதுர மீட்டர் வேண்டும். மூன்று மீட்டர் அகலமும் எட்டு மீட்டர் ஆழமும் கொண்ட பத்து அடுக்குகளில் அவற்றை ஏற்றினால் 240 சதுர மீட்டர்தான். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் படகுடன் திரும்ப 18 மீட்டர் அகலப் பாதை வேண்டும் என்று கொண்டால், மொத்தம் 780 ஆகிவிடுகிறது. பாதையின் இருபுறமும் ஐந்தைந்தாக அடுக்குகளை அமைத்தாலும் 510-க்குக் குறையாது. அந்த இயந்திரமோ தான் தூக்கும் படகைப்போலப் பல மடங்கு எடையுள்ளது. கழிமுகச் சேற்றைத் தூர்த்த நிலத்தில் அதைத் தாங்கும் தளமும், பருவக்காற்றைத் தாங்கும் தூண்களும் அமைப்பது பெருஞ்செலவு.

வசதியும் விளம்பரம் கூறும் அளவுக்குக் கிட்டாது. மும்பையில் கடல் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. வற்றத்தில் மாஹுல் போன்ற இடங்களில் நெடுந்தொலைவு சேறே தெரியும். அழைத்த நேரத்தில் படகு வரலாம், தண்ணீர் வரவேண்டுமே! ஆழமான நீருள்ள துறைமேடையிலும், வற்ற நேரத்தில் பல மீட்டர் கீழே இறக்கும் இயந்திரம் தேவைப்படும்.

பருவச் சிக்கல் இதனினும் பெரிது. மீன்பிடி படகு அன்றாடம் கடலுக்குச் செல்வது. அதை நாள்தோறும் தட்டில் ஏற்றி இறக்குவது வீண். அதற்கு இடம் வேண்டியிருப்பது மழைக்கால இரு மாதங்களில். உல்லாசப் படகுகளுக்கும் அதே மாதங்களில்தான் நெருக்கடி. ஒருவர் விடும் இடத்தை மற்றவர் பயன்படுத்த இயலாது. மீனவருக்கெனக் கட்டப்படும் கொட்டகை ஆண்டில் பத்து மாதம் வெறுமையாக நிற்கும். முதலீட்டுக்குரிய வட்டி மட்டும் நிற்காது.

மாறாக, கோலிவாடாவின் திறந்த வெளி எந்த மாதத்திலும் வெறுமையாக இருப்பதில்லை. மழையில் படகு நின்ற அதே தரையில், மற்ற மாதங்களில் வலை உலர்கிறது, மீன் காய்கிறது. எஃகுத் தட்டுகளை நட்டுவிட்டால் அந்நிலம் ஒரே பயனுக்குரியதாகிவிடும். இத்தகைய இழப்பு திட்ட மதிப்பீடுகளில் இடம்பெறுவது அரிது. தாராவியின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1909-ஆம் ஆண்டு கெசட்டியர் அதைப் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. சதுப்பு தூர்க்கப்பட்டு, கழிமுகம் கழிவுநீரால் கெட்டபின், அங்கு கோலிவாடா என்ற பெயரும் மக்களும் உள்ளனர். மீன்பிடித் தொழில் நலிந்துவிட்டது.

உல்லாசப் படகுகளுக்கு அடுக்குக் கொட்டகை வேண்டுமெனில், ஆழ்நீரை ஒட்டிய, ஏற்கனவே தளமிடப்பட்ட துறைமுக நிலத்தில் அமைக்கலாம். நில வாடகை உட்பட முழுச் செலவையும் படகு உரிமையாளரே ஏற்பது முறை. மீனவர்க்கு வேண்டுவது எளியது: கான்கிரீட் சாய்தளம், பொதுவான வின்ச், படகைத் தாங்கும் சக்கரத் தொட்டில் ஆகியவை. இன்று உருளைக்கட்டைகளின்மேல் பலர் தோள்கொடுத்து இழுக்கும் வேலையைச் சிலரே முடிக்கலாம். சாய்தளம் வற்ற நீர்மட்டம் வரை செல்லுமாறு கட்டப்படுதல் அவசியம். பாதியில் நிறுத்தப்பட்டால் நாளில் சில மணி நேரமே அது பயன்படும்.