பதவியும் பதவிப்பெயரும்: சேதுநாட்டுச் சான்றுகளை முன்வைத்து

'டெசிக்னேஷன்' என்னும் ஆங்கிலச் சொல் அலுவலகப் படிவங்களில் பெரும்பாலும் 'பதவி' எனப் பெயர்க்கப்படுகிறது. அன்றாடத் தேவைக்கு இது போதும். வரலாற்று ஆவணங்களைக் கற்போர்க்குப் போதாது. குறி, அடையாளம் எனப் பொருள்படும் 'சிக்னம்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்த அச்சொல், ஒருவர் வகிக்கும் நிலையைவிட அந்நிலைக்கு இடப்பட்ட பெயரையே முதன்மையாகச் சுட்டும். தேர்வு பெற்றும் பொறுப்பேற்காத கான்சலை உரோமர் 'டெசிக்னேட்டஸ்' என்ற அடைமொழியால் வழங்கினர். பெயர் வந்துவிட்டது, அதிகாரம் வரவில்லை. 'பதவி' என்பதோ வடமொழியில் வழி என்னும் பொருளும் உடையது. தமிழில் நிலை, பேறு என விரிந்தது. மோட்சபதவிக்கு நியமன ஆணை எதுவும் இல்லை. எனவே டெசிக்னேஷனுக்குப் 'பதவிப்பெயர்' என்பதே பொருந்தும்.

இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையை இராமநாதபுரம் வரலாறு நன்கு காட்டுகிறது. 'சேதுபதி' என்பது சேதுவின் தலைவர் எனப் பொருள்படும் பதவிப்பெயர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் சார்பில் சடைக்கத் தேவர் அப்பொறுப்பை ஏற்றார். இராமேசுவரம் செல்லும் வழியையும் வழிப்போக்கரையும் காப்பது அப்பொறுப்பின் உயிர்நாடி. 1762இல் குழந்தையாக இருந்த முத்துராமலிங்கர் சேதுபதியானபோது, தாயார் முத்துத்திருவாயி நாச்சியார் அவர் சார்பில் ஆட்சி நடத்தினார். பதவிப்பெயர் மகனிடம், பதவியின் செயல் தாயிடம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் ஆய்வாளர் இவ்விடத்தில் இடர்ப்படுவது உறுதி.

அவ்வரசரைக் கும்பினியார் 1795இல் ஆட்சியினின்று நீக்கிச் சிறைவைத்தனர். 1803இல் அவருடைய தமக்கை மங்களேசுவரி நாச்சியாருக்கு நிலையான சன்னது வழங்கப்பட்டது. அதன்பின் சட்டத்தின் பார்வையில் அங்கிருந்தது அரசுப் பதவியன்று, ஜமீன்தாரி. ஆயினும் 'சேதுபதி' என்ற பெயர் மறையவில்லை. பதவி போனபின் குடிப்பெயராகத் தங்கிவிட்டது.

'கலெக்டர்' என்ற பதவிப்பெயர் நடந்துகொண்ட விதம் இதற்கு நேர்மாறானது. 1798 செப்டம்பரில் இராமலிங்க விலாசத்தில் கட்டபொம்மனைச் சந்தித்த ஜாக்சன் நீக்கப்பட்டு, அவ்விடத்திற்கு லூஷிங்டன் வந்தார். ஆள் மாறினார், பதவிப்பெயர் மாறவில்லை. வரி தண்டுபவர் என்ற அதன் நேர்ப்பொருளை மக்கள் பொருட்படுத்தவில்லை போலும். அவர்கள் நாவில் அவர் ஜாக்சன் 'துரை'.

இவ்விரு போக்குகளும் 1868இல் பிரிவி கவுன்சில் தீர்த்த புகழ்பெற்ற வழக்கின் தலைப்பில் எதிரெதிரே நிற்கின்றன: மதுரைக் கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி. இராணி பர்வதவர்த்தினி நாச்சியார் கணவர் இறந்தபின் செய்த தத்து செல்லுமா என்பதே வினா. கணவரின் அனுமதி இல்லாவிடினும் உறவினரின் இசைவோடு கைம்பெண் தத்தெடுக்கலாம் என்ற கொள்கை தென்னிந்தியாவுக்கு ஏற்கப்பட்டது. தீர்ப்பின் சட்டச் சிறப்பைப் பலர் எழுதியுள்ளனர்; தலைப்பைக் கவனித்தோர் குறைவு. ஒரு தரப்பில் ஆளின் பெயரே இல்லை. பதவிப்பெயர் மட்டும் வழக்காடுகிறது. மறுதரப்பில் பதவிப்பெயர் ஆளின் பெயருக்குள் உறைந்து கிடக்கிறது.

இவ்வழக்கின் முத்துராமலிங்க சேதுபதியும் 1795இல் நீக்கப்பட்டவரும் வேறானவர்கள். முன்னவர் ஜமீன்தார், பாஸ்கர சேதுபதியின் தந்தை. பின்னவர் ஆண்ட அரசர். நூலடைவுகளில் இருவரையும் 'சேதுபதி, முத்துராமலிங்க' என்று ஒரே தலைப்பில் அடுக்கினால், ஆளும் நிலையும் ஒருங்கே குழம்பும். 1795க்கு முற்பட்ட செப்பேடுகளில் அச்சொல்லைப் பதவிப்பெயராகவும், 1803க்குப் பிற்பட்ட ஆவணங்களில் குடிப்பெயராகவும் பதிவதே முறை. இடைப்பட்ட ஆண்டுகளின் ஆவணங்களை ஒவ்வொன்றாகத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஜமீனை ஆண்ட மங்களேசுவரியும் பர்வதவர்த்தினியும் பெரும்பாலும் 'நாச்சியார்' என்றே குறிக்கப்படுவதால், 'சேதுபதி' என்ற சொல்லை மட்டும் தேடும் ஆய்வாளர் கண்ணில் அவர்கள் படவே மாட்டார்கள்.

இன்றைய கோயில் நிர்வாகத்திலும் இத்தகைய பெயர்மாற்றம் உண்டு. அறங்காவலர் இல்லாதபோது அறநிலையத் துறை நியமிப்பவரின் பதவிப்பெயர் 'தக்கார்'. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தில் அதே சொல் தகுதியுடையோரைக் குறிக்கிறது. அங்கே அது பண்பு. அரசாணையிலோ ஒப்பமிடும் பணியிடம்.